பொங்கல் வரைக்கும் டியூலிப்

பேருந்தில் மடிமேல் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், உள்ளே என்ன என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். எனக்கு அதுதான் பயம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. இறங்கவேண்டிய இடத்தில் சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

அன்று காலை ராஜபாளையத்தில் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, ஓசூரிலிருந்து மகள் பேருந்தில் போட்டுவிட்டிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். நீளமான அட்டைப்பெட்டி. கனம் இல்லை. பக்கவாட்டில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருந்தார்கள். அந்த ஓட்டைகள்தான் என்னை மாட்டிவிட்டன.

"என்ன அண்ணாச்சி, நாய்க்குட்டியா?" என்றார் கண்டக்டர்.

நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்திலிருந்து ஓட்டை போட்ட பெட்டியோடு ஏறுகிறவனிடம் அப்படிக் கேட்பது நியாயம்தான். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"கோழிக்குஞ்சா?"

"பூ" என்றேன்.

"பூவுக்கு எதுக்கு அண்ணாச்சி ஓட்டை? மூச்சு விடவா?"

முன் இருக்கையில் கூடையோடு இருந்த அம்மாள் திரும்பி மூக்கை உறிஞ்சினார். "பூன்னா வாசனை வரணும்ல. ஒண்ணும் வரலையே."

பக்கத்தில் இருந்தவர் வன்னியம்பட்டிக்காரர். அவர் கேட்கவே இல்லை. மேலே ஒட்டியிருந்த ஓசூர் முகவரியைப் படித்துவிட்டு, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். உள்ளே காகிதத்தில் சுற்றிய பச்சைத் தண்டுகள். நுனியில் மூடிய மொட்டு. அதுவும் பாதிக்குமேல் பச்சை.

"வெங்காயத்தாளு" என்று பஸ்ஸுக்கே அறிவித்தார். "ஏன் சாமி, வெங்காயத்தாள ஓசூர்ல இருந்தா வரவழைக்கீக? எங்க தோட்டத்துக்கு வந்தா நானே அறுத்துத் தாரேனே."

இது வெங்காயத்தாள் இல்லை, டியூலிப் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெயரை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பஸ்ஸில் வைத்து முதல்முறையாகச் சொல்லிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. "ஆமா, வெங்காயத்தாள்தான்" என்று சொல்லிவிட்டு, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

அந்தப் பெட்டி ஏன் வந்தது என்றால், வீட்டில் நடந்துகொண்டிருந்த சண்டையைச் சொல்லவேண்டும்.

என் மனைவி கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பூக்கடைக்கு வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுக்கிறாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் உதிரிப்பூ வரும். மதியத்துக்குள் சரமாகித் திரும்பிப் போகும். அவளுடைய வலது கட்டைவிரல் நகம் எப்போதும் பச்சையாகவே இருக்கும். கத்தி, கத்தரி எல்லாம் அவளுக்கு அந்த நகம்தான். காம்பு நீளமாக இருந்தால் ஒரே கிள்ளு. ஆயிரம் பூவைக் கிள்ளினாலும் ஆயிரமும் ஒரே அளவாக இருக்கும். மகளைக் கல்லூரியில் படிக்கவைத்ததில் பாதி என் மில் வேலை, பாதி அந்த நகம்.

படித்து முடித்த மகளுக்கு ஓசூர் பக்கம் ஒரு பூப்பண்ணையில் வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பூ வளர்த்து, வெட்டி, குளிர் அறையில் வைத்து, ஊர் ஊராக அனுப்புகிற இடம். பூவைப் பெட்டியில் அடுக்கும் கூடம் அவள் பொறுப்பு. தீபாவளிக்கு வந்தபோது சந்தோஷமாகச் சொன்னாள்.

"பூவா?" என்றாள் மனைவி.

"ஆமாம்மா."

"ஏட்டி, பூவத் தொடுததுக்கா உன்னக் காலேஜுக்கு அனுப்புனேன்? இந்தப் பச்சை உன் கையில ஒட்டக்கூடாதுன்னுதான அனுப்புனேன். பூதான்னா இங்கயே உக்காத்தி வச்சு நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"இது வேற மாதிரிம்மா. அங்க பூ பத்து நாள் நிக்கும்."

"எந்த ஊருல பூ பத்து நாள் நிக்கும்? காலையில பூத்தா சாயங்காலம் குப்பை. ஒரு நாள் பொழைப்பு. அத நம்பிக் கல்யாண வயசுல ஒருத்தி ஊரு விட்டு ஊரு போவாளா?"

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து மனைவி அவளிடம் பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் முழுக்கப் பேசாமல் இருப்பது இல்லை. மகள் எனக்குப் போன் செய்வாள். நான் ஸ்பீக்கரில் போடுவேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே, "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்பாள். மகள் அந்தப் பக்கம், "சாப்பிட்டேன்னு சொல்லுங்கப்பா" என்பாள். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் நடுவில் நான் ஒருமுறை சொல்லியாகவேண்டும். சொல்லாமல் இருந்து பார்த்தேன். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வாழ்நாளில் நான் அதிகம் பேசியது அந்த இரண்டு மாதத்தில்தான்.

பெட்டியை வீட்டில் இறக்கிவைத்ததும் போன் வந்தது.

"வந்துருச்சாப்பா? உள்ள பத்து டியூலிப் இருக்கு. அம்மா ஒரு நாள் பொழைப்புன்னு சொன்னாள்ல, இத பொங்கல் வரைக்கும் வச்சுக் காட்டுங்க. பொங்கலுக்கு நானே வந்து பாக்கேன்."

பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. மனைவி ஒரு தண்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

"இங்கேருங்க, அவட்ட சொல்லுங்க. பொங்கலன்னைக்கு இது வாடாம நின்னுச்சுன்னா நான் வாயத் தொறந்து அவகிட்டப் பேசுதேன். அந்த வேலையப் பத்தி ஒரு சொல்லு சொல்லமாட்டேன். வாடிருச்சுன்னா, வேலைய விட்டுட்டுப் பெட்டியக் கட்டிட்டு வந்துரணும்."

நான் சொன்னேன்.

"சரின்னு சொல்லுங்கப்பா."

அதையும் சொன்னேன். இப்படியாக மகளின் வேலை ஆறு நாளைக்கு என் கைக்கு வந்து சேர்ந்தது.

மகள் சொல்லச் சொல்ல, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. அவள் வேகத்துக்கு ஓடாது. "செத்த நேரம் பொறு" என்று நாலு தடவை சொல்லவேண்டியிருந்தது. வந்தவுடன் அடியில் ஒரு விரல் அகலம் சாய்வாக வெட்டவேண்டும். புது பிளேடால்தான் வெட்டவேண்டும். கத்தரி போட்டால் தண்டு நசுங்கித் தண்ணீர் ஏறாது. செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி இரண்டு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிற்கவைத்தால் தண்டு விறைத்துக்கொள்ளும். அதற்குப்பிறகு மூன்று விரல் ஆழம் தண்ணீர் போதும். தண்ணீருக்குள் இலை இருக்கக்கூடாது. தினமும் தண்ணீர் மாற்றவேண்டும். வெயில் ஆகாது, பழம் பக்கத்தில் இருக்க ஆகாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அடியை லேசாக, லேசாக மட்டும், வெட்டிவிடவேண்டும். 'லேசாக' என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள். நானும் இரண்டு தடவை எழுதினேன்.

எல்லாம் அப்படியே செய்தேன். மண்பானைத் தண்ணீர் பிடித்து, பூவைத் தண்ணீர் ஜக்கில் நிறுத்தி, சுவர் அலமாரியில் வைத்தேன். அதற்கு மேலேதான் காலண்டர் தொங்கும். மொட்டுகளின் நுனி காலண்டரின் அடி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பூவத் தண்ணிக்குள்ள நட்டு வச்சா அழுகித்தான் போகும்" என்றாள் மனைவி. அவள் தொழிலில் பூவின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள், ஈரத்துணியில் சுற்றுவார்கள். குளிக்கவைக்கிற மாதிரி நிறுத்துவது கிடையாது.

பக்கத்து வீட்டு அம்மாள் பார்க்க வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனைவியை, மதினி என்பதற்கு, வதினா என்றுதான் கூப்பிடுவார். "வதினா, இத சரத்துல எப்படிக் கட்டுறது? கட்டுனாலும் தலையில எப்படி வைக்கிறது? கொம்பு மொளச்ச மாதிரி இருக்குமே" என்றார். வாடாமல் இருக்கத் தண்ணீரில் ஒரு தலைவலி மாத்திரை போடலாம் என்றும் சொன்னார்.

"பூவுக்கு எதுக்குத் தலைவலி மாத்திரை?" என்றாள் மனைவி. "தலைவலி இவருக்குத்தான்."

மறுநாள் காலையில் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தபோது மொட்டுகள் காலண்டரில் இரண்டு விரல் மேலே ஏறியிருந்தன. நான் முதலில் யாரோ காலண்டரை இறக்கி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆணி அதே இடத்தில்தான் இருந்தது. மொட்டும் பச்சை போய்ச் சிவந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையில் இருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"வேரு இல்ல, மண்ணு இல்ல. எப்படிங்க வளருது?"

"பாப்பாட்ட கேக்கட்டுமா?"

"கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீக."

கேட்டேன். "அது அப்படித்தாம்பா. வெட்டுன பொறவும் வளரும். வெளிச்சம் இருக்க பக்கம் சாயும். மதியம் விரியும், குளிருனா மூடிக்கிடும்" என்ற மகள், கொஞ்சம் நிறுத்தி, "இத யாரு கேக்கச் சொன்னா?" என்றாள்.

"நான்தான் கேட்டேன்."

மனைவி தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் விரல் நின்றிருந்தது. பூக்கட்டும்போது அவள் விரல் நின்று நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். மில்லில் கூட வேலை செய்யும் சுந்தரபாண்டியத்துக்காரர் பொங்கலுக்கு என்று ஒரு வாழைத்தார் கொடுத்தார். பாதி பழுத்தது. கொண்டுவந்து வழக்கமான கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். கொக்கி அலமாரிக்கு நேர் எதிரே இருக்கிறது. எழுந்து பார்த்தால் தார் இல்லை.

"தார் எங்க?"

"பின்னால கட்டிருக்கு."

"ஏன்?"

"உங்க தாளுல என்ன எழுதியிருக்கீக? படிச்சுப் பாருங்க. பழம் பக்கத்துல ஆகாதுன்னு உங்க கையெழுத்துலதான இருக்கு? மல்லியவே வாழைப்பழத்துக்கிட்ட வைக்கமாட்டோம், பழுப்பு அடிச்சிரும்." பிறகு, "எனக்கு என்ன வந்துச்சு? கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் காலைதான் அந்த விசித்திரம் தொடங்கியது. காலண்டரில் ஏறியிருந்த பூ கீழே இறங்கியிருந்தது. அடி விளிம்புக்கு ஒரு விரல் கீழே. தண்டைத் தூக்கிப் பார்த்தேன். நான் சாய்வாக வெட்டிய அடி இப்போது மட்டமாக இருந்தது. பத்துத் தண்டும் அப்படியே.

எலி என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? வெங்காயத்தாள் மாதிரி இருக்கிறது. எலிக்கும் அப்படித்தானே தோன்றும். கடித்த இடம் அழுகிவிடக்கூடாது என்று மறுபடி ஒரு விரல் சாய்வாக வெட்டித் தண்ணீர் மாற்றினேன். பூ ஜக்குக்குள் அமுங்கிப் போனதால் சொம்புக்கு மாற்றினேன். சாயங்காலம் வேலைக்குப் புறப்படும் முன் பரணிலிருந்து எலிக்கூண்டை எடுத்து, ஒரு மசால்வடையை மாட்டி, சொம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"எலி வந்து தண்டக் கடிக்குது."

அவள் சொம்பைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள். "ஆமாமா" என்றாள். "நானும் பாத்தேன். பெரிய எலி."

மறுநாள் காலை கூண்டில் உண்மையிலேயே ஓர் எலி இருந்தது. எனக்கு இருந்த பெருமை சொல்ல முடியாது. தூக்கிக்கொண்டுபோய்க் கண்மாய்க்கரையில் விட்டுவிட்டு வந்து, போனில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன வடை வைத்தேன் என்பது வரை சொன்னேன். மனைவி அன்றைக்கு அளவுக்கு மீறி அமைதியாகப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். எலி மாட்டியதில் அவளுக்குத்தான் என்னைவிட ஆச்சரியம் போலிருந்தது.

பிறகு சொம்பைப் பார்த்தேன். தண்டு மறுபடி மட்டமாக இருந்தது. நேற்றைவிட ஒன்றரை விரல் குறைவு.

இன்னொரு எலி என்று முடிவு செய்தேன். மறுபடி சாய்வாக வெட்டினேன். சொம்பிலிருந்து பெரிய தம்ளருக்கு வந்தது. போகிக்கு முந்தைய நாள் அது காலண்டரைத் தொட வேண்டுமானால் ஏணி போடவேண்டும் என்கிற நிலைமை. இப்படியே போனால் பொங்கலன்று நிற்பதற்குப் பூ இருக்கும், தண்டு இருக்காது. மில்லில் நூல் ஓடும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது: நாலு விரல் மிச்சம், தினம் இரண்டு விரல் போகிறது. மகளை எப்படிப் பார்ப்பது? 'எலி தின்றுவிட்டது, வேலையை விட்டுவிட்டு வந்துவிடு' என்று எந்தத் தகப்பனாவது சொல்லமுடியுமா?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் மாற்றுவது நான்தான். ஆனால் நான் ஊற்றுவதைவிடத் தண்ணீர் எப்போதும் தெளிவாக இருந்தது. தம்ளரின் உள்பக்கம் தேய்த்துக் கழுவியது மாதிரி வழுவழுப்பே இல்லாமல் இருந்தது. இந்த அளவுக்குச் சுத்தமான எலியை நான் கேள்விப்பட்டதில்லை.

போகியன்று மதியம் வழக்கம்போல் பாயில் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக் கிடந்தேன். பூக்கட்டி முடித்து நாரைச் சுருட்டி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பானை மூடி நகர்கிற சத்தம். ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

மனைவி தம்ளரை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டியூலிப்பை ஒவ்வொன்றாக எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்தாள். நான் காலையில் வெட்டிய சாய்வைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "அருவாமனையில வெட்டுன மாதிரி" என்று தனக்குள் சொன்னாள். கட்டைவிரல் நகம் ஒரு கிள்ளு. அடுத்தது. ஒரு கிள்ளு. பத்தையும் சேர்த்துப் பிடித்துத் தரையில் தட்டி அடியை மட்டப்படுத்தினாள். ஒன்று மட்டும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் தாடையில் விரலைக் கொடுத்து நிமிர்த்தினாள்.

"ஏட்டி, நிமிந்து நில்லு" என்றாள் அதனிடம். "நாளைக்கு ஒரு நாள்தான். எனக்காக நின்னுரு. பொறவு உன் இஷ்டம், எப்படி வேணும்னாலும் விழு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு யாராவது என்றால் எழுந்து உட்கார்ந்து சிரித்திருப்பார்கள். எனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் கழித்தும் மனைவியிடம் சில இடங்களில் கூச்சம் உண்டு. நன்றாகத் தூங்குவதுபோல் காட்டவேண்டும் என்று குறட்டை விட்டேன். நான் குறட்டை விடுகிறவன் இல்லை. சத்தம் சரியாக வரவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. தம்ளர் அலமாரிக்குப் போகிற சத்தம் அதன்பிறகு வெகு மெதுவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் பிளேடைத் தொடவில்லை. அன்று சாயங்காலமும் கூண்டில் மட்டும் வழக்கம்போல் வடையை மாட்டி வைத்தேன். திடீரென்று நிறுத்தினால் அவளுக்குச் சந்தேகம் வரும்.

பொங்கலன்று காலை மகள் வந்தாள். மனைவி வாசலில் அடுப்புக் கூட்டிப் பானை ஏற்றியிருந்தாள். வந்தவளை ஏறெடுத்துப் பார்த்தாள், அரிசியைக் களைந்தாள். மகள் பையைக்கூட இறக்காமல் நேரே அலமாரிக்குப் போனாள்.

டியூலிப் இப்போது காப்பி டபராவில் இருந்தது. தண்டு மூன்று விரல். பத்துப் பூவும் வாயைத் திறந்து டபராவின் விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நிறம் வெளுத்திருந்தது. ஒரு பூவில் ஓர் இதழ் தொட்டால் விழுகிற மாதிரி இருந்தது. ஆனால் வாடவில்லை. வாடியது என்று யாரும் சொல்லமுடியாது.

மகள் டபராவை வாசலுக்கே கொண்டுவந்தாள். எண்ணினாள். "பத்தும் நிக்குது, அம்மாட்ட சொல்லுங்கப்பா" என்றாள்.

"பத்தும் நிக்குதாம்" என்றேன்.

மனைவி பானைப் பாலைக் கரண்டியால் கிண்டினாள். முதல் வார்த்தையை எங்கிருந்து எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் மூடிவைத்த வாய்.

மகள் ஒரு பூவை எடுத்தாள். "ஆனா தண்டு எங்கப்பா? ஒரு சாணுக்கு மேலயே அனுப்புனேன். எலி இம்புட்டா கடிக்கும்? நீங்க எம்புட்டு வெட்டிருக்கீக? லேசான்னுதான சொன்னேன்?"

மனைவியின் கரண்டி நின்றது. நான் அவளைப் பார்க்காமல், "நான்தான் வெட்டினேன்" என்றேன். "அம்புட்டையும் நான்தான். கை கொஞ்சம் கூடிப்போச்சு."

மகள் அடியைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பத்தையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். அவள் முகம் மாறியது. அது வேலை தெரிந்தவர்கள் வேலையைப் பார்க்கிற முகம்.

"அப்பா, பத்தும் ஒரே அளவு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. எங்க கூடத்துல அளவுக்கட்டை வச்சுக் குடுத்தும் பிள்ளைகளுக்கு இப்படி வரமாட்டேங்குது. எப்படிப்பா வெட்டுனீக?"

"சும்மா, பிளேடாலதான்."

"உங்க கையில இப்படி ஒரு வேலை இருக்கா? பேசாம மில்ல விட்டுட்டு எங்கூட வாங்க. நான் சொல்லி உங்களையே சூப்பர்வைசராப் போடச் சொல்லுதேன்."

"இவரா?" என்றது ஒரு குரல்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

"ஏட்டி, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" மனைவி கரண்டியோடு எழுந்துவிட்டாள். "இவரு வெட்டுனா ஒண்ணு மலையில நிக்கும், ஒண்ணு மடுவுல நிக்கும். காம்ப எப்படிப் பிடிக்கணும்னு இவருக்குத் தெரியுமா? தினமும் காலையில கோணக்கோணையா வெட்டி வைக்காரு, மதியம் உக்காந்து நான் சரிபண்ணி வைக்கேன். இந்தா பாரு, இது பிளேடா?" கட்டைவிரலை மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என் நகம். படிச்சவ தான நீ? நகத்துல கிள்ளுனதுக்கும் பிளேடுல வெட்டுனதுக்கும் வித்தியாசம் தெரியாம அங்க என்னட்டி வேலை பாக்க?"

அந்த நேரத்தில் பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் அவர் வாசலிலிருந்து எங்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தார்.

மகள் என்னைப் பார்த்து, "அப்பா, அம்மா பேசிட்டா" என்றாள்.

"இவர்ட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குக் காது இருக்கு."

"அப்ப தண்ணி மாத்துனதும் நீதானாம்மா?"

"அழுகப்போற பூவக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு என்னால சும்மா உக்காரமுடியாது. அதுக்காகத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல."

"ஆனா மட்டமா கிள்ளக்கூடாதும்மா. சாய்வா வெட்டணும். அப்பதான் அடி பாத்திரத்துல ஒட்டாது, தண்ணி ஏறும்."

"எவ சொன்னா?"

"எங்க பண்ணையில அப்படித்தான்."

"உங்க பண்ணையில எத்தன வருசமாப் பூவத் தொடுதாக? நான் இருவது வருசமாத் தொடுதேன். போய்க் கேளு."

அங்கே பிடித்தது பேச்சு. சாய்வா மட்டமா என்பதில் ஆரம்பித்து, கட்டுக்கு எத்தனை பூ, ரப்பர் பேண்ட் போட்டால் தண்டு நசுங்காதா, ஏன் வாழைநார் போடக்கூடாது, குளிர் அறையில் மல்லி வைத்தால் எத்தனை நாள் நிற்கும் என்று மூன்று நாள் நிற்கவே இல்லை. வேலையை விடுவது பற்றி மனைவி ஒரு சொல் சொல்லவில்லை. அங்கே வேலை எப்படி நடக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் யாருக்கும் எதையும் சொல்லச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பொங்கல் லேசாக அடிப்பிடித்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

காணும் பொங்கலன்று சாயங்காலம் டியூலிப் ஒவ்வொரு இதழாக உதிர்ந்தது. மனைவி இதழ்களை முறத்தில் அள்ளி எடுத்து, "வாசனை இல்லாட்டியும் சொன்ன வார்த்தையக் காப்பாத்துன பூவு" என்று சொல்லித் தெருவில் வந்த மாட்டுக்குப் போட்டாள். மறுநாள் ராஜபாளையத்துக்குப் போய் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் பையில் அம்மா கொடுத்த ஒரு கட்டு வாழைநார் இருந்தது; பண்ணையில் காட்டிப் பார்க்கவாம்.

அடுத்த வாரம் போன் வந்தது. மனைவி கையில் ஈரத்தோடு சரம் கட்டிக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்தேன். பழக்கத்தில் ஸ்பீக்கரைப் போடப் போனேன். பிறகு போடவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "எலி என்ன செய்யுது?"

நான் மனைவியைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் ஒரு கிள்ளு கிள்ளியது.

"பூக்கட்டிக்கிட்டு இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் மகள் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் போடாமலேயே வீடு முழுக்கக் கேட்டது.

"யாரு? யாரப் பத்திப் பேசுதீக ரெண்டு பேரும்?" என்று மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் மறுபடி கேட்பதற்குள் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.